கானில் இறங்காத நாள்

பிள்ளைக் காம்பராவின் கதவு மறுபடியும் இறுகிக்கொண்டது. கார்த்திகை பிறந்ததிலிருந்து மழை விட்டபாடில்லை. மழைக்கு மரக்கதவு ஊதத்தானே செய்யும் என்று நானும் முதலில் சும்மா இருந்துவிட்டேன். தோட்டத்து ஆசாரி வந்து கதவின் விளிம்பை இழைத்துவிட்டுப் போனார். சில நாள் நன்றாகத் திறந்தது. பிறகு பழையபடி இறுகியது. திரும்பவும் வந்து இழைத்தார். இது மழையால் மட்டும் இல்லை என்று அப்போதே எனக்குப் பட்டது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வாயை ஆண்டவர் எப்படித் திறந்தார் என்பதுதான் இந்தச் சாட்சி.

என் பெயர் ரெபேக்கா. கண்டியிலிருந்து பஸ் ஏறி ஹுன்னஸ்கிரியவில் இறங்கி, அங்கிருந்து இன்னும் மேலே போகிற ரோட்டில் எங்கள் தோட்டம் இருக்கிறது. தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளையும் நடை பழகுகிற பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகிற இடம்தான் பிள்ளைக் காம்பரா. அதற்கு நான் பொறுப்பு. எல்லாரும் டீச்சர் என்பார்கள். துணைக்கு ஆயா பார்வதி அக்கா. காம்பராவோடு ஒட்டினாற்போல ஓர் அறையும் சமைக்கக் குசினியும் எனக்குக் குடியிருக்கத் தந்திருந்தார்கள். வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் சாமுவேல் கண்டி டவுனில் ஒரு கடையில் வேலை செய்கிறார். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார். எங்களுக்கென்று பிள்ளை இல்லை. ஒன்று கேட்டோம், ஆண்டவர் ஒரு காம்பரா நிறையத் தந்தார் என்று அவர் சொல்வார்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. தோட்டத்தை நிர்வகிக்கிற துரைக்குப் பயம், துரையின் நாய்க்குப் பயம், கிளினிக்கில் அதட்டுகிற மிஸ்ஸுக்குப் பயம், பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கப் பயம். தோட்டத்தில் எங்கள் அப்பா காலத்திலிருந்து ஒரு பழக்கம் உண்டு. துரையின் ஜீப் வந்தால் ரோட்டைவிட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கி நின்று, தலைத்துணியை எடுத்துவிட்டு, ஜீப் போன பிறகுதான் மேலே ஏறுவார்கள். இப்போதைய பிள்ளைகள் அப்படிச் செய்வதில்லை. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடுரோட்டில் போகிறார்கள். நான் மட்டும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஜீப்பின் சத்தம் வளைவில் கேட்கும்போதே என் கால் கானில் இருக்கும். கானில் தண்ணீர் ஓடினாலும் இறங்குவேன், புதுச் செருப்பு போட்டிருந்தாலும் இறங்குவேன். ஒருநாள் வந்தது ஜீப்பே இல்லை, மரக்கறி லொறி. டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சிரித்துவிட்டுப் போனான். சாமுவேல் அதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் கேலி செய்வார்.

இதில் வெட்கமான ஒரு காரியம் சொல்கிறேன். ஆண்டவரையும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் எல்லாத் துரைக்கும் பெரிய துரை. திடீரென்று வருவார், எங்கே பிழை என்று பார்ப்பார். அதனால் அவர் வருகிற வழியில் நிற்காமல் ஓரமாக இறங்கி நிற்க வேண்டும். ஜெபம் பண்ணும்போதுகூட ஆபிஸ் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மாதிரித்தான் நிற்பேன். எங்கள் சபையில் கர்த்தருக்குப் பயப்படுவதைப் பற்றிப் போதகர் ஐயா ஒரு மாதம் தொடர்ந்து பிரசங்கம் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவரிடம் போய்க் கேட்டுவிட்டேன். எனக்குப் பயத்துக்குப் பஞ்சமே இல்லை ஐயா, இருக்கிற பயம் போதாதென்று ஆண்டவருக்கும் பயப்பட வேண்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். கண்டி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. அதை ஆண்டவரிடமே கேளுங்கள் அம்மா, அவர் சொல்லுவார் என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார். எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் மனுஷன் சொன்னது சரியாகப் போயிற்று.

கதவுக்கு வருகிறேன். கதவு இறுகியதோடு நிற்கவில்லை. காம்பராவின் உள்ளே, பின்சுவர் ஓரமாக நிலத்தில் ஒரு வெடிப்பு கண்டது. முதலில் தலைமுடி அளவு. அடுத்த வாரம் என் சுண்டுவிரல் அதற்குள் போயிற்று. லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த நமக்கு வெடிப்பு ஒரு புதினமா? தீபாவளி வந்தால் இந்துக்களும், கிறிஸ்மஸ் வந்தால் நாமும், சுவர் வெடிப்பைக் களிமண்ணால் அடைத்துச் சாணம் மெழுகிச் சுண்ணாம்பு அடித்துவிட்டுத்தானே பலகாரம் சுடுவோம். கிறிஸ்மஸ் நெருங்குகிறதே என்று நானும் பார்வதி அக்காவும் களிமண் குழைத்து அந்த நிலத்து வெடிப்பை அழகாக அடைத்தோம். அதற்கு மேல் பாயைப் போட்டோம். மலை ஊற்றிலிருந்து வருகிற பீலிக் குழாயில் தண்ணீர் செம்மண் கலங்கி வந்தது. பீலியின் வாயில் துணி கட்டினோம். கதவு இறுகினால் இழைப்போம், தரை வெடித்தால் பூசுவோம், தண்ணீர் கலங்கினால் துணி கட்டுவோம். மலை எங்களிடம் பேசிக்கொண்டே இருந்தது. நாங்கள் அதன் வாயை அடைத்துக்கொண்டே இருந்தோம்.

களிமண் காய்வதற்குள் வெடிப்பு மறுபடி வாயைப் பிளந்தது. இந்த முறை காம்பராவுக்கு மேலே, தேயிலைக்குள்ளும் அதே மாதிரி ஒரு கோடு ஓடுவதைப் பார்த்தேன். பெரிய துரையிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று ஆபிஸுக்குப் போனேன். அவர் போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். வெடிப்பைச் சொல்ல வந்தவள், பிள்ளைகளைக் குளிப்பாட்டச் சவர்க்காரம் முடிந்துவிட்டது என்றேன். அவர் நல்ல மனுஷன், உடனே ஸ்டோரில் சொல்லி ஒரு பெட்டி சவர்க்காரம் கொடுக்கச் சொன்னார். நான் அதைத் தலையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. எவ்வளவு கேடுகெட்ட கோழை நான் என்று எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லாரும் கிறிஸ்மஸ் பாட்டுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்க, நான் பின்வரிசைக் கதிரையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆண்டவரே, என் பயத்தை எடுத்துப்போடும் என்று ஜெபித்தேன். வேறு வார்த்தையே வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். எழுந்தபோது பயம் அப்படியே இருந்தது. திங்கட்கிழமை, அவருக்கு அடுத்தபடியான சின்னத் துரையிடமாவது சொன்னேன். அவர் கொத்து வேலை செய்கிற மேசன் பாஸை அனுப்பினார். பாஸ் வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், சிமெண்டு போட்டு அடைத்தார். ஆசாரியும் வந்து கதவை இழைத்துவிட்டுப் போனார். என் ஜெபத்துக்குப் பதில் இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமை கொழும்பிலிருந்து விருந்தாளிகள் வருவதாக இருந்தது. பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் பரிசு கொடுத்துப் படம் எடுக்க வருகிறார்கள். பெரிய துரை முதல்நாளே வந்து பார்த்துவிட்டுப் போனார். சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, பலூன் கட்டி, பிள்ளைகள் எல்லாரையும் சுத்தமாக உடுத்தி வரிசையாக உள்ளே உட்கார வைக்கச் சொல்லியிருந்தார். விடிந்தபோது மழையும் விட்டு, வெயில் எட்டிப் பார்த்தது. தாய்மார் பிள்ளைகளுக்குப் பொட்டு வைத்து, தலைக்கு எண்ணெய் வைத்து, சிரித்துக்கொண்டு விட்டுவிட்டு மலைக்குப் போனார்கள். மகேஸ்வரி என்ற இளந்தாய் மட்டும் தன் கைக்குழந்தைக்குப் புதுச்சட்டை இல்லையே என்று சங்கடப்பட்டாள். பேறுகாலம் முடிந்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். புது மஞ்சள் சுவருக்கு முன்னால் எந்தச் சட்டையும் எடுப்பாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லி அனுப்பினேன்.

பிள்ளைகளுக்குப் பால் கரைக்கத் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனேன். பீலியில் தண்ணீர் இல்லை.

கலங்கவில்லை, குறையவில்லை, அடியோடு நின்றுபோயிருந்தது. இவ்வளவு நாள் கொட்டிய மழைக்குப் பிறகு ஊற்று எப்படி வற்றும்? அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது? மலை அதை உள்ளேயே குடித்துக்கொண்டிருந்தால் மண் நிற்காது. நான் வாளியை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தேன். குளிர்காற்று வராமல் இருக்கப் பார்வதி அக்கா கதவைச் சாத்தியிருந்தார். தள்ளினேன், திறக்கவில்லை. அவர் உள்ளேயிருந்து இழுத்தார், அசையவில்லை. ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. உள்ளே ஒரு குழந்தை அழத் தொடங்கியதும் மற்றதெல்லாம் சேர்ந்து அழுதன. தோளால் இடித்தேன். அது சுவர் மாதிரி நின்றது.

அங்கே நின்றபோது என் மனதில் பெரிய துரையின் முகம் வந்தது. கதவை ஏன் உடைத்தாய், பிள்ளைகளை ஏன் வெளியே கொண்டுபோனாய், விருந்தாளிகளுக்கு நான் என்ன சொல்வேன் என்று கேட்கிறார். எப்போதும் வருகிற முகம்தான். ஆனால் அன்றைக்கு அதற்குப் பின்னால் வேறொருவர் என்னைக் கேட்டார். சத்தமாகக் கேட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். என் உள்ளத்தில்தான் கேட்டது. ரெபேக்கா, நான் உன்னிடம் தந்த பிள்ளைகள் எங்கே?

அவ்வளவுதான். அதட்டவில்லை, பயமுறுத்தவில்லை. ஆனால் என் ஜன்மத்தில் நான் அப்படி நடுங்கியதில்லை. இந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போய்விடக் கூடாது என்ற பயம் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை இறங்கியது. அது இறங்கிய இடத்தில் வேறு எந்தப் பயத்துக்கும் இடம் இருக்கவில்லை. துரையின் முகம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் முழங்கால் போடவில்லை. கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, அப்பா, இவை உம்முடைய பிள்ளைகள், திறவும் என்றேன்.

கதவுநிலைக்குள் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. கதவு தானாகத் தளர்ந்து, என் கை பட்டதும் உள்ளே திறந்தது.

நிலம் நகர்ந்தது, அதனால் நிலை சரிந்தது, அதனால் கதவு விட்டுக்கொடுத்தது என்று பிறகு நிலத்தை அளக்க வந்த அதிகாரி விளக்கினார். நானும் தலையாட்டினேன். அவர் சொன்னது உண்மைதான். இத்தனை நாளாக நகர்ந்து நகர்ந்து கதவை இறுக்கிய அதே நிலம், நான் கூப்பிட்ட நேரத்தில் அதைத் திறக்கிற பக்கம் நகர்ந்தது. நகர்த்தியவரை எனக்குத் தெரியும். ஸ்தோத்திரம்!

இனி எப்படிக் கொண்டுபோவது? நாங்கள் இரண்டு பொம்பளைகள். பிள்ளைகளோ ஒரு கூட்டம். பார்வதி அக்காதான் கூரைக் குறுக்குச்சட்டங்களில் தொங்கிய தொட்டில் சேலைகளைக் காட்டினார். எங்கள் காம்பராவில் ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் தொட்டிலுக்குத் தன்னுடைய பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்து தருவாள். தாயின் வாசனை இருந்தால் பிள்ளை தூங்கும் என்பதற்காக. அவற்றை அவிழ்த்தோம். சிலதில் கைக்குழந்தைகளை முதுகிலும் மார்பிலும் கட்டிக்கொண்டோம். மிச்சத்தை நுனியோடு நுனி முடிந்து ஒரு நீளக் கயிறு ஆக்கினோம். நீளம் போதவில்லை. வாசலில் காய்ந்துகொண்டிருந்த என் ஆராதனைச் சேலையையும் இழுத்துச் சேர்த்துக் கட்டினேன். நடக்கிற பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சின்னதுகளை இடுப்பில் வளைத்துக் கட்டினோம். சபையில் பாடுகிற பாட்டு எதுவும் ஞாபகம் வரவில்லை. ஆகவே கோச்சி ரயில் மாதிரிக் கூவச் சொன்னேன். அழுத பிள்ளைகளெல்லாம் கூ, கூ என்று கூவிக்கொண்டு கிளம்பின.

வளைவு தாண்டி, கல்மலை ஓரமாக மேலே ஏறினால் கொழுந்து நிறுக்கிற மடுவம். அங்கே போய்ச் சேர்ந்தால் போதும். பாதி தூரம் ஏறியிருப்போம். மேலே ஜீப்பின் சத்தம் கேட்டது.

முன்னால் பெரிய துரையின் ஜீப், பின்னால் விருந்தாளிகளின் வேன். ஒடுக்கமான ரோடு. பழக்க தோஷம், என் கால் கானைத் தேடியது. கானில் செம்மண் தண்ணீர் விளிம்பு தட்டி ஓடிக்கொண்டிருந்தது. என் முதுகில் ஒன்று, மார்பில் ஒன்று, பின்னால் ஒரு கயிறு பிள்ளைகள். நான் காலை எடுத்து ரோட்டின் நடுவில் வைத்தேன். அங்கேயே நின்றேன்.

ஜீப் ஹோர்ன் அடித்தது. நான் நகரவில்லை. கிட்டத்தில் வந்து நின்றது. பெரிய துரை இறங்கினார். அவர் சிங்களவர், ஆனால் எங்கள் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"என்ன டீச்சர் இது? விசிட்டர்ஸ் வந்துட்டாங்க தானே. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு உள்ளுக்குப் போங்க."

"உள்ளுக்குப் போக முடியாதுங்க தொர. பீலி நின்னுருச்சு. மலை நகருது. நீங்களும் கீழ போகாதீங்க."

மேசன் பாஸ் பார்த்துச் சரி என்று சொன்னாரே என்றார். அடைத்தது மறுபடியும் திறந்துகொண்டது என்றேன். வேனிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வெயில் பளிச்சென்று அடிக்கிறது. மலை எப்போதும் போலப் பச்சையாக நிற்கிறது. நானோ சேலைக் கயிற்றில் பிள்ளைகளைக் கட்டி இழுத்துக்கொண்டு, சேறும் வியர்வையுமாகப் பைத்தியக்காரி மாதிரி நிற்கிறேன். அவர் முகம் சிவந்துவிட்டது. விருந்தாளிகள் முன்னால் அவருக்கு எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

"வழிய விடுங்க. இல்லாட்டி நாளைக்கி வேலைக்கி வர வேணாம்."

வேலை போனால் வீடு போகும் என்று சொன்னேன் அல்லவா? அந்த வார்த்தைக்குப் பயந்துதான் நான் அத்தனை வருஷமும் கானில் நின்றேன். அன்று அது காதில் விழுந்தது, ஆனால் உள்ளே இறங்கவில்லை.

"சரிங்க தொர, வரல. ஆனா இந்தப் புள்ளைக எங்கன்னு ஆண்டவர் கேட்டா நான் பதில் சொல்லணும். அதுக்குத்தான் எனக்குப் பயம். வழி விட மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். நான் அவரிடம் அதுவரை இவ்வளவு வார்த்தை பேசியதே இல்லை. ஒரு பிள்ளை, கோச்சி ஏன் நின்றுவிட்டது என்று கேட்டது. பிறகு அவர் கையை உதறிவிட்டு, தானே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி என்னைத் தாண்டிக் கீழே நடக்கத் தொடங்கினார். நான் திரும்பி, போகாதீங்க தொர என்று கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. அவர் நின்று திரும்பினார்.

அப்போது மலை இறங்கியது. முதலில் மரங்கள் முறிகிற சத்தம். பிறகு தேயிலைச் செடிகள் நின்றது நின்றபடியே வரிசையாகக் கீழே போவதைப் பார்த்தோம். அதற்குப் பின்னால் சேறும் கல்லும். மஞ்சள் சுவர் ஒரு கணம் தெரிந்தது, பிறகு இல்லை. காம்பரா, என் அறை, குசினி, அலுமாரி, நாங்கள் கட்டிய பலூன், எல்லாம் பள்ளத்துக்குள் போயின. வளைவு வரைக்கும் ரோடு இல்லை. துரை நின்ற இடத்துக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், மண் நின்றுகொண்டது.

பெரிய துரை ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். வேனில் வந்த ஓர் அம்மா இறங்கி ஓடி வந்து என் காலடியில் இருந்த பிள்ளைகளை வாரி அணைத்துக்கொண்டு அழுதார்.

சத்தம் கேட்டு மலைகளிலிருந்து தாய்மார் ஓடி வந்தார்கள். கூடையை எறிந்துவிட்டு, சாக்குப் படங்கு இடுப்பில் கட்டியபடி, ஐயோ என் புள்ள என்று ஓடி வந்தார்கள். அந்தச் சத்தத்தை நான் மறக்க மாட்டேன். நாங்கள் மடுவத்தில் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தோம். ஒவ்வொரு தாயும் வந்து தன் பிள்ளையைத் தூக்கி, கயிற்றில் தன் சேலையை அடையாளம் கண்டு, முடிச்சை அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். நான் பிள்ளைகளை எண்ணவில்லை. எண்ணத் துணிவு இல்லை. கயிறு குறைந்துகொண்டே வந்தது. கடைசி முடிச்சும் அவிழ்ந்தபோது என் கையில் மிஞ்சியது என் சேலை மட்டும். எல்லாப் பிள்ளைக்கும் தாய் வந்துவிட்டாள், எல்லாத் தாய்க்கும் பிள்ளை கிடைத்துவிட்டது. என் வீட்டில் மிஞ்சியதும் அந்த ஒரு சேலைதான். மகேஸ்வரி அதை என் கையிலிருந்து வாங்கி, தன் குழந்தையை அதில் சுற்றி, என் மடியில் வைத்தாள். நான் அப்போதுதான் அழுதேன்.

பக்கத்து லயத்து ஆட்களையும் எங்களையும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். சாமுவேல் கண்டியிலிருந்து கிடைத்த வாகனத்தில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்ததும் கேலி செய்யத் தெரியாமல் நின்ற ஒரே நாள் அதுதான்.

மறுநாள் பெரிய துரை பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஜீப்பைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டுச் சேற்றில் நடந்து வந்தார். நான் வழக்கம்போல ஓரம் போகப் பார்த்தேன். கையைக் காட்டி நிற்கச் சொன்னார்.

"நேத்து நான் சொன்னத மறந்துருங்க டீச்சர். நீங்க வழி விட்டிருந்தா இன்னைக்கி நானும் இல்ல, அந்த வேன்ல வந்தவங்களும் இல்ல." பிறகு கேட்டார். "நீங்க எப்பவும் கானுக்கு எறங்குற ஆளு தானே. நேத்து மட்டும் ஏன் எறங்கல?"

"ஒங்களவிடப் பெரியவருக்குப் பயந்துட்டேங்க தொர."

அவர் தலையை அசைத்தார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அவர் வேறு மதத்தவர். நான் அவரிடம் பிரசங்கம் செய்யவில்லை. சொல்ல வேண்டியதை மலையே சொல்லிவிட்டது.

பின்சுவர் ஓரத்தில் களிமண் பூசிய நாளை இப்போது நினைத்தால் எங்கள் தோட்டத்தில் எல்லாரும் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். இப்போது எங்கேயாவது நிலத்தில் ஒரு கோடு கண்டால் களிமண் குழைப்பதில்லை, நேரே ஆபிஸுக்குப் போகிறோம். போகும்போது என்னைத்தான் முன்னால் விடுகிறார்கள்! அளக்கிற அதிகாரிகள் வந்து, ஆபத்தான இரண்டு லயத்தை வெறுமையாக்கி, கல்மலைக்கு இந்தப் பக்கம் இடம் ஒதுக்கினார்கள். புதுப் பிள்ளைக் காம்பரா மடுவத்துக்குப் பக்கத்தில் எழும்பிவிட்டது. இறுகாமல் திறக்கிற நல்ல அகலமான கதவு. பக்கத்தில் எனக்கும் ஒரு வீடு. அந்தக் கிறிஸ்மஸ் ஆராதனையை மடுவத்திலேயே வைத்தோம். மகேஸ்வரியும் பார்வதி அக்காவும் வந்து, கற்பூரம் காட்டுகிற கையால் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். போதகர் ஐயா அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்டார். கேட்டீர்களா அம்மா, சொன்னாரா என்று விசாரித்தார். சொன்னார் ஐயா, நன்றாகச் சொன்னார் என்றேன்.

என் பயத்தை எடுத்துப்போடும் என்று ஜெபித்தேன். அவர் எடுக்கவில்லை என்று குறைப்பட்டேன். எடுத்துவிட்டு வெறும் இடமாக விட்டிருந்தால் நாளைக்கே வேறு பயம் வந்து குடியிருக்கும். ஆகவே அவர் தம்மையே அங்கே வைத்தார். கர்த்தருக்குப் பயப்படுவது என்றால் அவர் வரும்போது ஓரமாக ஒதுங்கி ஒளிவது அல்ல. அந்தப் பயம் என்னை ஒளிய விடவில்லை, கதவண்டைக்கு ஓட வைத்தது. துரைக்குப் பயந்தபோது நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். ஆண்டவருக்குப் பயந்தபோது பிள்ளைகளைக் காப்பாற்ற நினைத்தேன். அவரோ பிள்ளைகளையும் காத்தார், என்னையும் காத்தார், என்னை அதட்டியவரையும் காத்தார். அவர் பெரிய துரை இல்லை. நான் அத்தனை வருஷம் நின்ற கானில் என்னோடு இறங்கி நின்று, கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்ட தகப்பன்.

போன வாரம் புதுக் காம்பராப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். ஜீப் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் இடது கால் இன்னும் கான் பக்கம்தான் போகப் பார்த்தது. அந்தக் காலுக்கு நான் புத்தி சொல்வதற்குள் ஜீப் வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுங்கி, டயர் கானில் இறங்கும் அளவுக்கு வளைந்து எங்களுக்கு இடம் விட்டு நின்றது. பெரிய துரை கண்ணாடியை இறக்கிப் பிள்ளைகளுக்குக் கையசைத்தார். பிள்ளைகள் கூ என்று கூவினார்கள்.

இதை வாசிக்கிற அக்கா, தம்பி, நீங்களும் யாருக்காகவோ, எதற்காகவோ ஏதோ ஒரு கானில் நின்றுகொண்டிருக்கலாம். வீடு போய்விடும், வேலை போய்விடும், நாலு பேர் சிரிப்பார்கள் என்று வாயை அடைத்து, வெடிப்பைப் பூசிக்கொண்டிருக்கலாம். நானும் அங்கேதான் நின்றேன், அதனால் சொல்கிறேன். அவரிடம் கேளுங்கள். உங்கள் பயத்தை அவர் காலடியில் வைத்துவிட்டு, அவர் ஒருவருக்கு மட்டும் பயந்து பாருங்கள். கானில் தண்ணீர் போகட்டும். நாம் ரோட்டின் நடுவில், பிள்ளைகளோடு நடப்போம்.